செவியும் சான்றும்: ஒலிபெருக்கி வயரின் தெரிவு எழுப்பும் ஓர் அறவினா

புலன்களே அறிவின் வாயில்கள் என்பதை எல்லாத் தத்துவ மரபுகளும் ஏதோ ஒரு வகையில் ஏற்றுக்கொண்டுள்ளன. இந்திய அளவையியலார் பலவாறு முரண்பட்டபோதிலும், காட்சி ஓர் அளவை என்பதில் முரண்பட்டிலர். உலகாயதரோ அதனையன்றிப் பிறிதொன்றையும் ஏற்றிலர். எனினும், 'என் காதாற் கேட்டேன்' என்று ஒருவர் கூறும்போது அக்கூற்று எந்த அளவிற்குச் சான்றாகும் என்பதும், அதனைப் பிறருக்கு எடுத்துரைப்பவர் எத்தகைய பொறுப்பை ஏற்கிறார் என்பதும் எளிதில் விடைகாண முடியாத வினாக்களாகும். இவற்றைப் பெரும் பொருள்களை முன்வைத்து ஆராய்ந்தோர் பலர். மிகச் சிறிய பொருளொன்றை முன்வைத்து ஆராய்வதிலும் பயன் உண்டு. வீட்டில் இசை கேட்போர் தமது அம்ப்ளிபயரையும் ஒலிபெருக்கிகளையும் இணைப்பதற்கு வாங்கும் செப்பு வயர் அத்தகையதொரு பொருள்.

கட்டுகஸ்தோட்டையில், மகாவலியை நோக்கிய சரிவொன்றில் வாழும் ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இலங்கையின் பொருளாதாரம் 1977இல் திறந்துவிடப்பட்டபின் வந்து குவிந்த யப்பானியக் கருவிகளுள் ஒன்றான அம்ப்ளிபயரைத் தந்தையார் அவருக்கு விட்டுச் சென்றுள்ளார். அதனோடு இரண்டு ஒலிபெருக்கிகளும் கருநாடக இசைத்தட்டுகள் சிலவும் உள்ளன. பல ஆண்டுகளாகப் பூட்டியிருந்த மெல்லிய வயரை அகற்றி, விலை மிக்கதோர் இறக்குமதி வயரை அவர் பூட்டுகிறார். அதற்கு அவரது மாதச் சம்பளத்தின் பாதி செலவாகிறது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிய பின்னர், இத்தகைய பொருளை வாங்குதல் இந்நாட்டில் விளையாட்டான செயலன்று. அன்று மாலை வீணை இசைத்தட்டைச் சுழலவிடுகிறார். ஹந்தானை மலையை மூடிய பனி விலகியதுபோல் ஒவ்வொரு நரம்பின் ஒலியும் தனித்துத் தெளிகிறது. இது முதற் காட்சி.

சில நாட்களின் பின் அவரிடம் முன்னர் கற்ற இளைஞர் ஒருவர் வருகிறார். இன்னும் நிரந்தர வேலை கிட்டாதவர். சிறுகச் சிறுகச் சேமித்து ஒலிக்கருவி ஒன்றை வாங்கியுள்ளார். "சேர், நானும் அந்த வயரையே வாங்கட்டா?" என்று கேட்கிறார். இது இரண்டாவது காட்சி. இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலேயே இக்கட்டுரை ஆராயப் புகும் அறவினா நிற்கிறது. ஆசிரியர் பொய்யர் அல்லர்; தாம் கேட்டதையே கூறப்போகிறார். அது போதுமா?

விடை காண்பதற்கு முன்னர், வயரின் இயல்பினைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். செப்பு சிறந்த கடத்தியாயினும் அதற்கும் தடை உண்டு. வயர் நீளுந்தோறும் தடை கூடும், தடிக்குந்தோறும் குறையும். அம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 5 மீற்றர் தூரம் எனக் கொண்டால், மின்னோட்டம் சென்று மீளும் பாதை 10 மீற்றர் ஆகும். குறுக்குவெட்டு 0.5 சதுர மில்லிமீற்றரான மெல்லிய வயரில் அப்பாதையின் தடை ஏறத்தாழ 0.34 ஓம்; 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 0.07 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியுடன் இணையும்போது முன்னையதால் ஏற்படும் இழப்பு 0.37 டெசிபல் அளவினது; பின்னையதால் 0.07 டெசிபல் அளவினது. பொதுவாக ஒலிமட்டத்தில் ஏறத்தாழ 1 டெசிபல் மாற்றமே செவிக்குப் புலனாவது என்பர். பயின்ற செவி, அமைதியான சூழலில், அதனினும் சிறிய மாற்றத்தை உணரக்கூடும். எனவே வயர் மிக மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருந்து, ஒலிபெருக்கி 4 ஓம் உடையதாகவும் இருப்பின், வேறுபாடு கேட்கத்தக்கதாகலாம். மேலும், ஒலிபெருக்கியின் தடை எல்லா மீடிறன்களிலும் ஒன்றாக இருப்பதில்லையாதலால், மெல்லிய வயர் இசையின் சமநிலையையும் சிறிது மாற்றவல்லது.

ஆனால் போதிய தடிப்புள்ள வயரொன்று வாய்த்தபின் நிலைமை மாறுகிறது. வீட்டு மின்னிணைப்புக்கான பொருட்களை விற்கும் கடையில் மீற்றர் கணக்கில் அளந்து தரப்படும் 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரும், வெல்வெட்டுப் பெட்டியில் வரும் அதே தடிப்புள்ள வயரும் ஓம் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. 'ஒட்சிசன் நீக்கிய செப்பு' என்னும் அடைமொழி கடத்துதிறனில் ஏற்படுத்தும் மாற்றம் மிக அற்பமானது. இசைச் சைகை திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டமாதலால், வயரின் உறைமேல் பொறிக்கப்படும் அம்புக்குறிக்கும் பொருள் காண்பது கடினம். இன்னுமொன்றும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. எத்துணை உயர்ந்த வயரின் வழியே வந்தாலும், அம்மின்னோட்டம் இறுதியில் ஒலிபெருக்கியின் உள்ளே சுற்றப்பட்டுள்ள நுண்ணிய கம்பிச் சுருளினூடாகவே செல்லவேண்டும். 8 ஓம் எனக் குறிக்கப்படும் ஒலிபெருக்கியில் அச்சுருளின் தடை மட்டும் ஏறத்தாழ 6 ஓம் இருக்கும். ஒற்றையடிப் பாதையிற் சென்று முடியும் பயணத்திற்கு அதற்கு முந்திய வீதியை எத்துணை அகலமாக்கினும் விரைவு பெரிதும் கூடாது.

அவ்வாறாயின் ஆசிரியர் கேட்ட தெளிவு வெறும் மயக்கமா? அவசரப்பட்டு 'ஆம்' என்பாரும் அதே பிழையையே செய்கின்றனர். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவக்காற்றுகளின் ஈரத்தையும் ஏற்கும் பள்ளத்தாக்கு நகரம். இங்கு பல ஆண்டுகள் திறந்து கிடந்த செப்பு முனை கறுத்துப்போதல் இயல்பு. கறுத்த முனை திருகாணியின்கீழ்த் தளர்ந்து கிடந்தால், அவ்விணைப்பில் உண்டாகும் தடை வயர் முழுவதன் தடையினையும் விஞ்சக்கூடும். ஒலி இடையிடையே கரகரக்கவும் கூடும். புதிய வயரைப் பூட்டியபோது பழைய முனை நீங்கிற்று; திருகாணி இறுகிற்று; முனையம் துடைக்கப்பட்டது. ஆகவே ஆசிரியர் உண்மையாகவே ஒரு மாற்றத்தைக் கேட்டிருத்தல் கூடும். செவி கூறிய சாட்சி மெய். அதற்கு மனம் கற்பித்த காரணம் பிழை. இரண்டு ரூபா உப்புத்தாளும் ஒரு கத்தியும் செய்திருக்கக்கூடிய பணியை அரைமாதச் சம்பளம் செய்ததாக அவர் கருதுகிறார்.

இத்தகைய பிழைகளைத் தமிழ் மரபு நன்கறியும். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரிற் பல சமயத்தாரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறியும் இடத்தில், பத்து அளவைகளும் அவற்றைக் கெடுக்கும் எட்டுக் குற்றங்களும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். ஆராயாமல் முடிவுக்கு வருவது தேராது தெளிதல். தக்க காரணமின்றிப் பிறர் சொன்னதைக் கொண்டே ஒன்றைக் கருதுவது நினைப்பு. முனையின் தூய்மையை வயரின் சிறப்பாகக் கொண்டமை திரியக்கோடல். பழைய வயரின் முனையை வெட்டிப் புதுப்பித்துக் கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்தமை தேராது தெளிதல். அம்முடிவை ஏற்று இளைஞர் பணம் செலவிடுவாராயின் அது நினைப்பு. முதலிரண்டும் ஒருவருடைய அறிவோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது இன்னொருவரின் வாழ்வைத் தொடுகிறது. அளவையியற் பிழை அறப்பிழையாக மாறும் இடம் இதுவே.

கண்டிச் சூழலில் இவ்விடயம் பற்றிப் பேசுவோர் பேராதனையின் ஆய்வு மரபினையும் மறத்தல் இயலாது. அங்கு மெய்யியற் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக்க, 1963இல் வெளிவந்த 'ஆதி பௌத்த அறிவுக் கொள்கை' பற்றிய தமது ஆங்கில நூலில், காலாமர்களுக்குப் புத்தர் கூறிய அறிவுரையை விரிவாக ஆராய்ந்தார். செவிவழிச் செய்தி என்பதற்காகவோ, மரபு என்பதற்காகவோ, கூறுபவர் தகுதியுடையவர்போல் தோன்றுகிறார் என்பதற்காகவோ, அவர் தம் ஆசான் என்பதற்காகவோ ஒன்றை ஏற்கவேண்டாம் என்பது அவ்வறிவுரையின் சாரம். இறுதியாகக் கூறிய இரண்டும் ஈண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கவை. 'சேர்' என்று அழைத்து வரும் இளைஞர், வயரின் தடையை அறிந்து கேட்பவரல்லர். ஆசானின் சொல்லை நம்பிக் கேட்பவர். நம்பப்படுபவருக்குள்ள கடமை, நம்புபவருக்குள்ள கடமையினும் பெரிது.

செவியின் சாட்சியைச் சோதிக்கும் வழி யாது? கேட்பவருக்கு எந்த வயர் பூட்டப்பட்டுள்ளது என்பதை மறைத்துவிட்டு, ஒலிமட்டத்தைச் சமமாக்கி, மாற்றி மாற்றிக் கேட்பித்தலே அவ்வழி. ஒலிமட்டத்தைச் சமமாக்கல் முக்கியமானது. ஏனெனில் சிறிது உரத்த ஒலியை மனிதர் உரத்தது என உணராமல் 'சிறந்தது' என்றே உணர்கின்றனர். அமெரிக்காவின் 'ஸ்டீரியோ றிவியூ' என்னும் சஞ்சிகை 1983இல் இவ்வகைச் சோதனையொன்றை வெளியிட்டது. மிக மெல்லிய வயரைச் சோதனை இரைச்சலின்போது கேட்போர் பிரித்தறிந்தனர். போதிய தடிப்புள்ள சாதாரண வயருக்கும் விலைமிக்க வயருக்கும் இடையே, இசையைக் கேட்டு நம்பத்தக்க வேறுபாட்டைக் காண அவர்களால் இயலவில்லை. 2007இல் ஜேம்ஸ் றண்டி, 7,250 டொலர் விலையுள்ள வயரைச் சாதாரண வயரிலிருந்து கட்டுப்பாடான சோதனையிற் பிரித்தறிவோருக்குப் பத்து இலட்சம் டொலர் வழங்குவதாக அறிவித்தார்; அச்சோதனை நிகழவே இல்லை. அறைகூவல் விடுக்கும் இம்மரபு இலங்கையருக்குப் புதிதன்று. பகுத்தறிவாளரான ஆபிரகாம் கோவூர் 1963இல், ஏமாற்றுக்கு இடமில்லாச் சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறிவித்திருந்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் வென்றிலர்.

ஆயினும், புலன்மயக்கம் பாமரர்க்கே உரியது என்று எண்ணுதல் தவறாகும். 1903இல் பிரான்சின் நான்சிப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் புளொண்ட்லோ, தாம் புதிய கதிரொன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனை 'என் கதிர்' என அழைத்தார். வேறு பல அறிஞரும் அதனைக் கண்டதாக எழுதினர். 1904இல் அவ்வாய்வுகூடத்திற்குச் சென்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் றொபேட் வூட், இருளில், கருவியின் இன்றியமையாத உறுப்பான அரியத்தை எவருமறியாமல் எடுத்துவிட்டார். அரியம் இல்லாதபோதும் அளவீடுகள் முன்போலவே கூறப்பட்டன. அங்கிருந்தோர் பொய் கூறியவர் அல்லர்; காண விரும்பியதைக் கண்டனர். பேராசிரியர்களுக்கே இது நேருமாயின், அரைமாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தன் தெரிவு வீண்போகவில்லை என உறுதிப்படுத்த விழையும் ஓர் ஆசிரியருக்கு நேருவதில் வியப்பில்லை. எனவே ஐயுறவேண்டியது தன் நேர்மையை அன்று, தன் விருப்பத்தை.

இவ்விடத்தில் மேலைத்தேயச் சிந்தனையாளர் இருவரின் வழக்கு துணைபுரியும். 1877இல் டபிள்யு. கே. கிளிபேர்ட், 'நம்பிக்கையின் அறவியல்' என்னும் கட்டுரையில், போதிய சான்றின்றி எதனையும் நம்புதல் எவருக்கும் எப்போதும் தவறே என வாதிட்டார். பழுதுற்ற கப்பலைச் சோதிக்காது, அது பாதுகாப்பானது எனத் தன்னைத்தானே நம்பவைத்துப் பயணிகளை ஏற்றியனுப்பிய உரிமையாளனை அவர் எடுத்துக்காட்டினார். அவன் உளமார நம்பினான்; எனினும் அவ்வாறு நம்ப அவனுக்கு உரிமை இல்லை. கப்பல் தற்செயலாகக் கரைசேர்ந்தாலும் அவன் குற்றவாளியே. 1896இல் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறுப்புரைத்தார். சான்றினால் தீர்க்க முடியாததும், தவிர்க்க முடியாததும், வாழ்வுக்கு முக்கியமானதுமான வினாக்களில், உள்ளத்தின் சார்பைப் பின்பற்றும் உரிமை மனிதருக்கு உண்டு என்பது அவர் நிலைப்பாடு.

வயர் பற்றிய நம்பிக்கையை ஜேம்ஸின் நிழலில் ஒதுக்க முயல்வோர் உளர். 'அவர் மகிழ்ச்சியடைகிறார்; அதைக் கெடுப்பானேன்?' என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. மாலைப் பொழுதில் வீணையைக் கேட்டு ஒருவர் அடையும் இன்பம் மெய்யானது. அதன் காரணம் எதுவாயினும் இன்பம் பொய்யாகாது. ஆனால் ஜேம்ஸ் வகுத்த எல்லைகளை நோக்கின், இவ்வினா அவற்றுள் அடங்காமை புலப்படும். இது சான்றினால் தீர்க்கக்கூடிய வினா. ஒரு பிற்பகலிலேயே தீர்த்துவிடலாம். விடை தெரியும்வரை வாங்காதிருத்தலும் இயலும். சான்று கைக்கெட்டும் தூரத்திலிருக்க, அதனை நாடாமல் உள்ளத்தின் சார்பைப் பின்பற்றுதல் உரிமையன்று, சோம்பலாகும். எனினும் கிளிபேர்ட்டின் கடுமையையும் அவ்வாறே ஏற்கவேண்டியதில்லை. தனியறையில் இன்புறுபவருக்கும், பிறரைக் கப்பலில் ஏற்றுபவருக்கும் வேறுபாடு உண்டு. 'எனக்கு இனிக்கிறது' என்று கூறும்வரை ஆசிரியர் எவருக்கும் கடன்படவில்லை. 'இந்த வயர்தான் அதற்குக் காரணம். நீயும் வாங்கு' என்று கூறும் கணத்தில் அவர் கப்பலுரிமையாளர் ஆகிவிடுகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கலை நுகர்வைத் திரைமறைவுச் சோதனைக்கு உட்படுத்துதல் அதன் நுண்மையைக் கொல்லுமன்றோ? கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் முன்றிலில் தவிலையும் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த செவிக்கு, எசல பெரஹராவின்போது தலதா வீதியோரம் நின்று கெட்ட பெரயின் முழக்கத்தை நேரிற் கேட்ட செவிக்கு, எண்களும் அட்டவணைகளும் எதற்கு என்று வினவலாம். இதற்கு விடை கண்டியைச் சூழ்ந்த மலைகளிலேயே உள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து வளர்ந்த அத்தொழிலில், இன்றளவும் இறுதித் தீர்ப்பை வழங்குவது மனித நாவே. ஆயின் அந்நாவுக்கு எத்துணைக் கட்டுப்பாடு! ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரே நிறைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம், ஒரே வடிவக் கோப்பை. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்பது சர்வதேச நியமம். சுவைப்பவர் தம் நாவை ஐயுறுவதனால் இவ்வாறு செய்வதில்லை. தம் நாவைப் பெரிதும் மதிப்பதனாலேயே, அதன் தீர்ப்பில் வேறெதுவும் கலந்துவிடாமற் காக்கிறார். தோட்டத்தின் விலையும், கொழுந்து பறிப்போர் முதலாக அதனைச் சார்ந்து வாழ்வோரின் நிலையும் அத்தீர்ப்பினாற் பாதிக்கப்படும். செவியை மதிப்போரும் அதற்கு இந்த அளவேனும் மரியாதை செய்தல் வேண்டும்.

இனி விற்பவரின் நிலை. தாம் பொய்யென அறிந்ததை மெய்யென விற்பவரைப் பற்றி ஆராய வேண்டியதில்லை; அறநூல்கள் அனைத்தும் அவர்மீது தீர்ப்பளித்துவிட்டன. சிக்கலானது, தாமும் நம்பி விற்பவரின் நிலையே. அவரது நம்பிக்கையிலிருந்து அவருக்கு இலாபம் பிறக்கிறது. இலாபம் பிறக்கும் நம்பிக்கையை இலாபமில்லாத நம்பிக்கையினும் கூடுதலாகச் சோதிக்கவேண்டும் என்பது நடுவுநிலைமையின் பாற்படும். அவ்வாறே, 'வயர் எல்லாம் ஒன்றுதான்' என்று நூலறிவை மட்டும் கொண்டு ஏளனம் செய்யும் விஞ்ஞானப் பட்டதாரியும் இக்கடமையிலிருந்து நீங்கியவரல்லர். கறுத்த முனையையும் மெல்லிய வயரையும் பார்க்காமலே 'உமக்கு மயக்கம்' என்று அவர் கூறுவாராயின், அதுவும் தேராது தெளிதலே.

மீண்டும் கட்டுகஸ்தோட்டை வீட்டிற்கு வரலாம். இளைஞரின் வினாவுக்கு ஆசிரியர் உடனே விடை கூறாமல், "ஞாயிற்றுக்கிழமை வாரும், சேர்ந்தே பார்ப்போம்" என்கிறார் எனக் கொள்வோம். பழைய வயரின் முனைகளை வெட்டிப் புதுப்பிக்கின்றனர். கடையில் மீற்றர் கணக்கில் வாங்கிய தடித்த வயரொன்றையும் எடுத்து வைக்கின்றனர். விலைமிக்க வயரோடு இவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒப்பிடுகின்றனர். ஒலிமட்டம் சமமாக்கப்படுகிறது. வீட்டிலுள்ள ஒருவர் நாணயத்தைச் சுண்டி, அதன்படி வயரை மாற்றிவிட்டு, கேட்போர் தம் முகத்தையும் காணாதவாறு அறையை விட்டு நீங்குகிறார். கேட்பவர் தம் விடையைத் தாளில் எழுதுகிறார். பத்துத் தடவை இவ்வாறு நிகழ்கிறது. பத்தில் ஒன்பது தடவையேனும் சரியான விடை குருட்டூகத்தாற் கிட்டுவதற்கு 1024இல் 11 வாய்ப்புகளே உள்ளன. எனவே ஒன்பது சரியாயின் அச்செவிக்குத் தலைவணங்கலாம். ஐந்தோ ஆறோ சரியாயின், இளைஞரின் சேமிப்பு அவரிடமே இருக்கும். அதனை நல்ல ஒலிபெருக்கிக்கோ, எதிரொலிக்கும் சீமெந்துத் தரையில் விரிக்கும் பாய்க்கோ, இன்னுமிரு இசைத்தட்டுகளுக்கோ பயன்படுத்தலாம்.

அச்சோதனையால் ஆசிரியர் இழப்பது ஒன்று உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அரைமாதச் சம்பளம் வீணாயிற்று என்பதைத் தம் பழைய மாணவன் முன்னிலையிலேயே அவர் ஒப்புக்கொள்ள நேரலாம். நம் சமூகத்தில் ஆசானுக்கு அது எளிதன்று. ஆனால் வகுப்பறையில் அவர் கற்பித்த பாடங்கள் பலவற்றினும், அன்று அத்தாளைப் பார்த்து, "நான் நினைச்சது பிழை, தம்பி" என்று கூறும் சொல் அம்மாணவனின் மனத்தில் நீடித்து நிற்கும். கேள்வி என்னும் தமிழ்ச் சொல் செவியாற் கேட்டலையும் குறிக்கும். ஐயத்தை எழுப்பும் வினாவையும் குறிக்கும். முதலாவதை மட்டும் உடையவர் இசையை நுகரலாம். பிறர்க்கு வழிகாட்ட முற்படுபவருக்கோ இரண்டும் வேண்டும்.